நூற்று நான்கு கிலோ எடைக்கல்

தராசு பழுது பார்க்கும் அவருக்குச் சந்தையில் எடைக்கல் என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சரி. மீன் மொத்த வியாபாரி, பழக் கிடங்குக்காரர், பார்சல் ஆபீஸ் மேனேஜர் எல்லோருக்கும் அவர் எடைக்கல்தான். அந்தப் பெயர் சும்மா வரவில்லை.

பெரிய மேடைத் தராசு ஒன்றைச் சரிபார்க்க முறை இருக்கிறது. இருபது கிலோ இரும்புக் கற்களை வண்டியிலிருந்து இறக்க வேண்டும், தூக்கிக்கொண்டு படியேற வேண்டும், ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து எண்ணைப் பார்க்க வேண்டும். முதுகு விட்டுப்போகும். நம்மவர் அதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பையை ஓரமாக வைத்துவிட்டு, அவரே தராசின் மேல் ஏறி நிற்பார். நூற்று நான்கு காட்டினால் தராசு சரி. நூற்று இரண்டோ நூற்று ஆறோ காட்டினால் தராசு தப்பு. எண்ணைத் திருத்திவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். பன்னிரண்டு வருஷமாக அந்த உடம்பு நூற்று நான்கிலேயே சட்டமாக உட்கார்ந்திருந்தது. அரைக் கிலோ முன்னே பின்னே இருக்கலாம், மூட்டை நிறுக்கிற தராசுக்கு அதெல்லாம் யார் பார்க்கிறார்கள் என்பது அவர் வாதம். சோம்பேறித்தனத்துக்கு வாதமா கிடைக்காது?

அந்த எடை குறையாமல் இருக்க ஊரே பாடுபட்டது. எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் டீ. பேக்கரியில் தராசைச் சரிசெய்து முடித்ததும் ஒரு துண்டு கேக்கை வைத்து நிறுத்துப் பார்ப்பார்கள்; நிறுத்த துண்டு தராசுக்காரருக்கு. இது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். பன் வைத்தால் பன், வறுத்த கோழி வைத்தால் கோழிக்கால். மதியம் வீட்டுக்கு வந்து, "காலையிலேர்ந்து ஒண்ணுமே சாப்பிடல" என்று மனைவியிடம் சொல்வார். பொய் சொல்ல வேண்டும் என்ற எண்ணமே அவருக்குக் கிடையாது. தட்டில் போட்டு, மேஜையில் உட்கார்ந்து தின்றால்தான் அவர் கணக்கில் அது சாப்பாடு.

வீட்டு மாடியில் அவருடைய தங்கை தனியாக இருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள், வாய் மட்டும் நாலு பேருக்கு உண்டு. அவளுக்கு முப்பத்தெட்டு வயதில் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரி. நாலு நாலு மணி நேரம் கையில் ஊசி குத்திக்கொண்டு, ரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு லிட்டருக்குள்தான் திரவம் உள்ளே போகலாம். டீ, மருந்து விழுங்கும் தண்ணீர், ஆரஞ்சுச் சுளை எல்லாம் அதில் அடக்கம். கோடைக்காலத்தில் ஒரு ஐஸ்கட்டியை நாலு பாகமாக உடைத்து, மணிக்கு ஒன்றாக வாயில் போட்டுக்கொள்வாள். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வரிசையில் பெயர் கொடுத்திருந்தாள். வரிசை நகர்கிற வேகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது.

நான் தருகிறேன் என்று அண்ணன் போய் நின்றார். அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. ரத்தம் பொருந்தியது. டாக்டர் காகிதங்களை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் நாற்காலியை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளைப் பார்த்தார்.

"உங்க எடையில நான் எடுக்க முடியாதுங்க. சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. பிரஷரும் அப்படித்தான். ஒண்ணை எடுத்துட்டா மிச்சம் ஒண்ணு. அந்த ஒண்ணு மேல இவ்வளவு பாரத்தை ஏத்தினா, பத்து வருஷத்துல நீங்களும் தங்கச்சி பக்கத்துக் கட்டில்ல வந்து படுத்துப்பீங்க."

"எவ்வளவு குறைக்கணும் டாக்டர்?"

"எண்பத்தஞ்சுக்குக் கீழ. குறைச்சுட்டு ஆறு மாசம் அங்கேயே நிக்கணும். பட்டினி கிடந்து குறைச்சுட்டு வராதீங்க. அது திரும்பி வந்துடும். நீங்க வாழற விதமே மாறினாத்தான் எனக்குத் தைரியம் வரும்."

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள், "விடுங்கண்ணா. உங்களால டீயில ஒரு ஸ்பூன் சர்க்கரையக் குறைக்க முடியாது. பத்தொன்பது கிலோவா? நான் வரிசையிலேயே நின்னுக்கறேன்."

கிண்டலாகத்தான் சொன்னாள். அவருக்கோ சுருக்கென்று தைத்தது. அவள் சொன்னது உண்மை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. உடம்பைக் குறைக்கிறேன் என்று அவர் இதற்கு முன் மூன்று தடவை கிளம்பியிருக்கிறார். எலுமிச்சைச் சாறு, முட்டைக்கோஸ் சூப், இடுப்பில் கட்டினால் அதிருகிற ஒரு பெல்ட். அந்த பெல்ட் இப்போது வண்டியில் ஏணியைக் கட்ட உதவுகிறது.

நாலாவது தடவையும் தலைகீழாகத்தான் தொடங்கினார். டாக்டர் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் ஏழு நாள் பழமும் தண்ணீருமாகக் கிடந்தார். எட்டாம் நாள் பேக்கரியில் நிறுத்துப் பார்க்க ஒரு முழு கேக்கை வைத்தார்கள். அதை அவர் நின்ற இடத்திலேயே முடித்துவிட்டு, வண்டிக்குள் போய் உட்கார்ந்து அழுதார். ஒரு ஐஸ்கட்டியை நாலாக உடைக்கிறவளுக்கு அண்ணனாகப் பிறந்துவிட்டு இப்படித் தின்கிறோமே என்று அழுதார்.

மறுநாள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் உணவு ஆலோசகர் அறைக்குப் போனார். குட்டையான அம்மாள், மூக்குக் கண்ணாடி, மேஜை மேல் ஒரு ஆப்பிள். ஒரு வாரம் வாய்க்குள் போவதை எல்லாம் எழுதிக்கொண்டு வரச் சொன்னார். எழுதிக்கொண்டு போனதை அந்த அம்மாள் பென்சிலால் கூட்டிக்கொண்டே வந்து நிறுத்தினார்.

"ஒரு நாளைக்குப் பதினோரு டீ. இருபத்திரண்டு ஸ்பூன் சர்க்கரை. இதுல கேக்கு, பன்னு தனி. உங்க வீட்டுச் சாப்பாட்டை நான் குறையே சொல்ல மாட்டேன். நீங்க வீட்டுக்கு வெளியிலதான் இத்தனை பெரிய ஆளாயிருக்கீங்க."

பிறகு அவர் சொன்னது கேட்பதற்குச் சப்பென்று இருந்தது. டீ மூணு, சர்க்கரை இல்லாமல். கடைகளில் நிறுத்த பண்டம் எதையும் தொடக்கூடாது. தட்டில் பாதி காய்கறி, அதை முதலில் சாப்பிட வேண்டும். சோறோ ரொட்டியோ அதற்கப்புறம். காலையில் நாற்பது நிமிஷம் நடை, மழையானாலும் வெயிலானாலும். அவ்வளவுதான்.

"இது மட்டுமா?"

"இதைச் சாகிற வரைக்கும் செய்யணும். அதை யோசிச்சுட்டு 'மட்டுமா'ன்னு கேளுங்க. இன்னொண்ணு, ரெண்டு மாசத்துக்குத் தராசுல ஏறாதீங்க. உங்களை மாதிரி ஆளுங்க காலையில ஏறி, சாயங்காலம் ஏறி, கால் கிலோ கூடிச்சுன்னு மனசு விட்டுடுவாங்க."

"அம்மா, என் பொழப்பே தராசு."

"பொழப்புக்கு ஏறுங்க. உங்க எடையப் பார்க்க ஏறாதீங்க."

அந்தப் பேச்சை அவர் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார். வினையே அதில்தான் இருந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் நாள் நடை தெருக்கோடி வரைக்கும்தான். முட்டி இரண்டும் முனகின. பால் வண்டிக்காரன் நிறுத்தி, "வண்டி ரிப்பேரா? ஏறுங்க" என்றான். நாலாம் நாள் பஸ் டிப்போ வரை போனார். பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் மனைவி, காலை ஷிப்டுக்குப் போகும்போது அவரை எழுப்பிக் கூடவே அழைத்துக்கொண்டு போனாள். போர்வைக்குள்ளிருந்து, "இன்னைக்கு ஒரு நாள் விடேன்" என்று ஒரு குரல் வரும். அவள் மாடியைப் பார்த்துக் கையைக் காட்டுவாள். அவர் எழுந்துகொள்வார்.

அவளுக்கும் பயம் இல்லாமல் இல்லை. முதல் வாரமே சொல்லிவிட்டாள்: "நீங்க கொடுக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா கொடுத்துட்டு மறுபடி கேக்குக் கடையில நின்னீங்கன்னா, ரெண்டு பேருக்கும் நான் ஓட வேண்டி வரும். அதுக்கு எனக்குத் தெம்பு இல்ல." சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள். அன்றிலிருந்து கிண்ணம் நிறைய பீன்ஸும் கேரட்டும் கீரையும் முதலில் வந்தன. அதைக் காலி செய்யாமல் சோற்றுப் பாத்திரம் மேஜைக்கு வராது.

கடைகளில்தான் பெரிய பாடு. நிறுத்த கேக்கைத் தராசிலேயே விட்டுவிட்டுக் கிளம்பியபோது பேக்கரிக்காரர் முகம் தொங்கிப்போனது. "என்ன எடைக்கல்லு, என் மேல என்ன கோபம்?" என்றார். வயிறு சரியில்லை, பல் வலி என்று இரண்டு தடவை மழுப்பினார். மூன்றாவது தடவை பேக்கரிக்காரர் கேக்கை உறையில் போட்டு வண்டிக்கே கொண்டுவந்தபோது அவருக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், என் தங்கச்சிக்கு நான் சிறுநீரகம் கொடுக்கணும். உன் கேக்கு குறுக்க நிக்குது. எடுத்துட்டுப் போ."

பேக்கரிக்காரர் கேக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். அன்று மத்தியானத்துக்குள் சந்தை முழுக்கச் செய்தி போய்விட்டது. மறுநாள் போன கடையில் எல்லாம் சர்க்கரை இல்லாத டீ வந்தது. சில கடையில் டீயே வரவில்லை, வெந்நீர் வந்தது. மீன் மொத்த வியாபாரி மட்டும், "கொஞ்சூண்டு" என்று ஆரம்பித்து, பக்கத்துக் கடைக்காரர் முறைத்ததும் வாயை மூடிக்கொண்டார்.

இப்படி ஆறு வாரம் போயிற்று. அந்த ஆறு வாரத்தில் தொழிலில் ஒரு விசித்திரம் நடந்தது. ஊரிலிருக்கும் தராசுகள் எல்லாம் ஒரே நேரத்தில் குறைவாகக் காட்டத் தொடங்கின. பழக் கிடங்கில் ஏறினார், நூற்று மூன்று. பார்சல் ஆபீசில் ஏறினார், நூற்று ஒன்றே முக்கால். பழைய இரும்புக் கடையில் நூற்று ஒன்று கூட இல்லை. "காத்துல ஈரம் ஜாஸ்தி. எல்லாத் தராசும் சோர்ந்து போச்சு" என்று சொல்லி, ஒவ்வொன்றையும் நூற்று நான்குக்குத் திருத்தி வைத்தார். கால்சட்டை இடுப்பில் நிற்காமல் நழுவியது. பெல்ட்டில் புதிதாக ஒரு துளை போட்டுக்கொண்டார். அப்போதும் மண்டையில் உறைக்கவில்லை. தன் எடையைப் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள், அவர் பார்க்கவில்லை, அவர் பார்த்தது தராசை. பன்னிரண்டு வருஷமாகத் தன்னைக் கல் என்று நினைத்துக்கொண்ட ஆள் வேறு எப்படி நினைப்பார்?

ஏழாவது வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். தங்கை போகும் அதே சிகிச்சை அறையில், நோயாளிகளை நிறுக்கும் தராசு எண்ணைச் சரியாகக் காட்டாமல் விட்டு விட்டு மின்னுகிறது என்றார்கள். மாலையில், கடைசி நோயாளி போன பிறகு போனார். அறை மூன்றாம் மாடியில். லிப்ட் நோயாளிகளுக்கு மட்டும். இரும்புக் கற்கள் வண்டியில், வண்டி தெருவில். ஒயரை மாற்றினார், மின்னல் நின்றது. ஏறி நின்றார். தொண்ணூற்று ஒன்பது புள்ளி இரண்டு. "அடேயப்பா, எவ்வளவு அடிச்சுப் போட்டிருக்கு" என்று முனகிக்கொண்டு நூற்று நான்குக்குத் திருத்திவிட்டு இறங்கி வந்தார்.

மறுநாள் காலை முதல் ஆள் தங்கை. அங்கே சிகிச்சைக்கு முன்னால் நிறுப்பது வெறும் வழக்கத்துக்கு அல்ல. உடம்பில் தேங்கிய நீர் எவ்வளவு என்று அந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். அவ்வளவையும் மெஷின் இழுத்து எடுத்துவிடும். அவளுடைய சரியான எடை ஐம்பது. இரண்டு நாள் இடைவெளியில் ஐம்பத்திரண்டாக வருவாள். அன்று தராசு ஐம்பத்து நாலரை காட்டியது.

"நாலரை கிலோவா? ரெண்டு நாள்ல? குடத்தைக் கவுத்தீங்களா டீச்சர்?" என்றார் தலைமை நர்ஸ்.

"நானா? ஞாயித்துக்கிழமை தொள்ளாயிரம் மில்லி, திங்கக்கிழமை தொள்ளாயிரத்து ஐம்பது. எழுதி வச்சிருக்கேன், பாருங்க."

"எல்லாரும் எழுதத்தான் செய்யறாங்க."

அவ்வளவுதான், டீச்சருக்கு மூக்கு சிவந்துவிட்டது. "சிஸ்டர், தாகத்துல நாக்கு ஒட்டிக்கிட்டுக் கிடந்தாலும் நான் ஒரு வாய் கூடக் குடிச்சதில்ல. என்னைத் திருடின்னு சொல்லாதீங்க. கீழ வார்டுல இன்னொரு தராசு இருக்கு. அதுல நிறுங்க. அதுவும் இதையே சொன்னா நீங்க என்ன வேணா செய்யுங்க."

நல்ல வேளை, நர்ஸ் பிடிவாதக்காரர் இல்லை. கீழே கூட்டிப்போய் நிறுத்தார். ஐம்பத்து இரண்டு. நர்ஸ் முகம் வெளுத்துவிட்டது. இரண்டு கிலோ நீர் இருக்கும் உடம்பிலிருந்து நாலரை எடுத்திருந்தால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்குப் போயிருக்கும். தசை பிடித்திருக்கும், நினைவு தப்பியிருக்கும், அதற்கு மேலும் ஆகியிருக்கும்.

தராசுக்காரரைக் கூப்பிட்டார்கள். நடையை முடித்துக்கொண்டு அப்போதுதான் குளித்திருந்தார். மூன்று மாடியும் ஏறி வந்து நின்றபோது, தங்கை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இன்னும் ஊசி போடவில்லை.

"அண்ணா, நேத்து எதை வச்சுச் சரிபார்த்தீங்க?"

அவர் வாயைத் திறந்தார். பதில் பாதி தொண்டையில் இருக்கும்போதே விஷயம் புரிந்துவிட்டது. கிடங்குத் தராசு, பார்சல் தராசு, ஈரக்காற்று, பெல்ட்டில் துளை எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"என்னை வச்சு," என்றார்.

உடனே கீழே போனார். இரண்டு கைக்கு இரண்டாக, இரண்டு நடையில் நாலு இரும்புக் கல்லையும் மூன்றாம் மாடிக்குச் சுமந்து வந்தார். எண்பது கிலோ. தராசு எண்பத்து மூன்று புள்ளி ஒன்பது என்றது. வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து திருத்தினார். கற்களை வைத்து எடுத்து, வைத்து எடுத்து, ஏழு தடவை பார்த்தார். பிறகு நர்ஸிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னோடது. இனிமே இப்படி நடக்காது" என்றார். கொடுக்க வந்தவன் கொல்லப் பார்த்தேனே என்று தன்னையே நொந்துகொண்டார்.

"இப்ப நீங்க ஏறுங்க" என்றாள் தங்கை.

"ரெண்டு மாசம் ஆகலம்மா."

"ஏறுங்கன்னா ஏறுங்க."

ஏறினார். தொண்ணூற்று ஒன்பது புள்ளி இரண்டு. கணக்கு டீச்சர் மனக்கணக்காகச் சொன்னாள்: "நாலு கிலோ எண்ணூறு கிராம்." சொன்னவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவருக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன. எதை முதலில் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தராசின் மேலேயே நின்றார். அந்த நேரம் வரைக்கும், நம்மால் முடியும் என்று அவரே நம்பவில்லை. அன்று நம்பினார்.

அடுத்த மூன்று நாளும் ஊரைச் சுற்றினார். அந்த ஆறு வாரத்தில் திருத்திய தராசுகள் ஒன்பது. ஒவ்வொரு கடையிலும் இரும்புக் கல்லோடு போய் இறங்கி, நடந்ததை மென்று விழுங்காமல் சொன்னார். "ஈரக்காத்து இல்ல, நான்தான்." பார்சல் ஆபீஸ் மேனேஜர் கத்தினார். இரும்புக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். பேக்கரிக்காரர், "அப்ப கல்லு கரையுது!" என்று சந்தை கேட்கக் கூவினார். அன்றைக்குப் பிறகு எடைக்கல் எந்தத் தராசிலும் தொழிலுக்காக ஏறவில்லை. எந்த மாடியானாலும் இரும்பைச் சுமந்துகொண்டு ஏறினார். அதனாலேயே தோளும் தொடையும் இறுகின என்று உணவு ஆலோசகர் பின்னால் சொன்னார்.

இனி எல்லாம் சறுக்காமல் போயிற்று என்று சொன்னால் அது கதை. தொண்ணூற்று மூன்றில் வந்து ஐந்து வாரம் அசையாமல் நின்றது. ஒரே நடை, ஒரே தட்டு, ஒரே எண். ஆறாவது வாரம் இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கு முன்னால் கொண்டுவந்தார். சாயங்காலமும் இருபது நிமிஷம் நடந்தார். நடக்கும்போது யார் மேலாவது கோபம் வரும். பெரும்பாலும் தன் மேலேயே வரும். வந்தாலும் காலை நிறுத்த மாட்டார். முட்டி வலித்த நாள் மெதுவாக நடந்தார். காய்ச்சல் வந்த நாள் வீட்டுக்குள்ளேயே நடந்தார். அந்த எண் ஒரு நாள் அலுத்துப்போய் நகர்ந்தது. தொண்ணூற்று ஒன்று, தொண்ணூறு. பத்தாவது மாதம் எண்பத்தெட்டு. இன்னும் மூன்று கிலோ, பிறகு ஆறு மாதம். நாள்காட்டியில் மனைவி வட்டம் போட்டு வைத்திருந்தாள்.

பதினோராவது மாதம் ஒரு மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து தங்கைக்குப் போன் வந்தது. விபத்தில் போய்விட்ட யாரோ ஒருவருடைய சிறுநீரகத்தை அவர் வீட்டார் கொடுக்கச் சம்மதித்திருக்கிறார்கள். வரிசை நகர்ந்துவிட்டது. உடனே வரவும்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் தங்கை ஒரு முழு டம்ளர் தண்ணீரை, ஒரே மூச்சில், கடகடவென்று குடித்தாள். அதைப் பார்த்து அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். முகம் தெரியாத அந்த வீட்டாருக்காகவும் சேர்த்து அழுதார்.

ஆனால் அவர் மனசுக்குள் இன்னொன்றும் இருந்தது. வெளியில் சொல்ல வெட்கப்படுகிற ஒன்று. நான் தர வேண்டியதை வேறு யாரோ தந்துவிட்டார்களே என்ற குறை. பதினோரு மாதம் மாடியைப் பார்த்துப் பார்த்து எழுந்த ஆளுக்கு, இப்போது எதைப் பார்த்து எழுவது என்று தெரியவில்லை. "இனிமே என்னங்க, நிம்மதியா ஒரு டீ குடிங்க" என்றார்கள் சந்தையில். குடித்தார், சர்க்கரையோடு. பதினோரு நாள் நடக்கவில்லை. பேக்கரியில் நிறுத்த கேக்கையும் ஒரு நாள் எடுத்துக்கொண்டார். மனைவி எழுப்பவில்லை, எழுப்ப அவளுக்கும் காரணம் கிடைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் தங்கையைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனார். ரத்தம் கொடுக்க அவள் அடுத்த அறைக்குப் போன நேரத்தில், அவர் டாக்டரிடம் மெல்லக் கேட்டார்.

"இது எத்தனை வருஷத்துக்கு டாக்டர் வரும்?"

"நல்லா பார்த்துக்கிட்டா பத்து, பன்னிரண்டு. சிலருக்கு இருபதும் போகும். சொல்ல முடியாது."

"அதுக்கப்புறம்?"

"மறுபடி மெஷின். இல்லன்னா யாராவது தரணும்."

"பத்து வருஷம் கழிச்சு எனக்கு ஐம்பத்து நாலு ஆகும். அப்ப எடுத்துப்பீங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வயசு மட்டும் தடை இல்லைங்க. உடம்பு இருக்கிற நிலைமையைத்தான் பார்ப்போம். இன்னைக்கு நீங்க இருக்கிற உடம்பை விட நல்ல உடம்பா இருந்தா, எடுத்துப்பேன்."

அன்று மனைவியை வரச்சொல்லித் தங்கையை அவளோடு அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரை நடந்தார். ஒன்றரை மணி நேரம். வழியில் மனசை முடிச்சுப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார், "நாளைக்கு எழுப்பு." எதற்கு என்றும் சொன்னார். அவள் அலாரக் கடிகாரத்தைக் கையில் எடுத்தாள். பிறகு, "அஞ்சரைக்கா, ஆறுக்கா?" என்று கேட்டாள்.

தங்கையிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு. இப்போதுதான் வயிறார ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிறாள். அதற்குள் அந்தச் சிறுநீரகத்துக்கு நாள் எண்ண வைப்பானேன்?

அதற்கப்புறம் நடந்ததைச் சொல்ல அதிகம் இல்லை. இந்த மாதிரி காரியத்தில் சொல்வதற்கு அதிகம் இருக்காது, செய்வதற்குத்தான் இருக்கும். எட்டு மாதத்தில் எண்பத்து நாலுக்கு வந்தார். அங்கேயே நின்றார். டீ மூணு. முதலில் காய்கறி. காலையில் நடை. யாருடைய கல்யாணத்திலாவது ஒரு ஐஸ்கிரீம் சாப்பிட்டால், மறுநாள் அதற்காக அழவும் மாட்டார், பட்டினி கிடக்கவும் மாட்டார். வழக்கம்போல் எழுந்து நடப்பார். வருஷத்துக்கு ஒரு தடவை, தானாகவே போய் ரத்தம், சர்க்கரை, பிரஷர் எல்லாம் பார்த்து, காகிதத்தை ஒரு உறையில் போட்டு வைத்தார். தங்கை பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாள், வாயும் கூடவே திரும்பியது. "யாரைக் கவுக்க இப்படி இளைச்சுக்கிட்டு திரியறீங்க? அண்ணி, கவனமா இருங்க!" என்பாள். அவர் சிரித்துக்கொள்வார். மனைவி பாத்திரத்தைச் சத்தமாகக் கழுவுவாள்.

ஒன்பதரை வருஷம் அந்தச் சிறுநீரகம் ஓடியது. பிறகு ரத்தப் பரிசோதனை எண்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறின. மருந்தை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். ஒரு திங்கட்கிழமை காலை தங்கை, அண்ணன், அண்ணி மூன்று பேரையும் டாக்டர் உட்கார வைத்தார். தலை நரைத்திருந்த அதே டாக்டர்.

"சுத்தி வளைக்காம சொல்லிடறேன் டீச்சர். இன்னும் ஆறேழு மாசம். அதுக்குள்ள அடுத்ததுக்கு ஏற்பாடு பண்ணிக்கணும். கொடுக்க யாராவது இருக்காங்களா?"

தங்கை கைகளைக் கோத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவள் குரல் அவ்வளவு தணிந்து யாரும் கேட்டதில்லை. "யாரு இருக்கா டாக்டர்? மறுபடி வரிசையில எழுதிக்குங்க."

அண்ணன் பையிலிருந்து உறையை எடுத்து மேஜை மேல் வைத்தார். டாக்டர் ஒவ்வொரு காகிதமாகப் புரட்டினார். ஒன்பது வருஷம், ஒன்பது காகிதம். எடை எண்பத்து நாலு, எண்பத்து மூன்றரை, எண்பத்து மூன்று, எண்பத்து மூன்று. சர்க்கரை சரி. பிரஷர் சரி. தங்கை எட்டிப் பார்த்தாள். முதல் காகிதத்தின் தேதியைப் பார்த்தாள். அவள் கணக்கு டீச்சர், விரல் விட்டு எண்ணத் தேவை இருக்கவில்லை.

"அண்ணா... இத்தனை வருஷமா இதுக்குத்தான் நடந்தீங்களா?" என்றாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "என்கிட்ட ஏன் சொல்லல? நான் பாட்டுக்குக் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தேனே! அண்ணி, நீங்களுமா?" என்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டே அழுதாள்.

டாக்டர் காகிதங்களை அடுக்கினார். "எல்லாப் பரிசோதனையும் முதல்லேர்ந்து புதுசா எடுக்கணுங்க. வெறும் வயித்துல வரணும். என்னைக்கு வர்றீங்க?"

"இன்னும் ஒண்ணும் சாப்பிடல டாக்டர்," என்று சொல்லி, அவர் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டார். "இப்பவே எடுத்துக்கலாம்."